மார்ட்டினி ஹென்றி கேட்டு மெல்போர்ன் போன கதை

சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குக் காரிலேயே போய், பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று வாங்கி வர முடியுமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் துப்பாக்கி சேர்ப்பவன் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கப்பல் சமையற்காரனாகக் கிளம்பி, கடைசியில் சிட்னியில் குடியேறிவிட்டவன். பள்ளிக்கூடத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு பயணத்துக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். எழுபதுகளின் நடுவில், சாலையோர மைல் பலகைகளைப் பிடுங்கிக் கிலோமீட்டர் பலகை நட்ட சமயம். ஈஸ்டர் விடுமுறை.

சிட்னியின் ஹோம்புஷ் பகுதியில் என் மாடிக்குக் கீழ் வீட்டில் செல்வரத்தினம் அண்ணன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில் பட்டறையில் ஃபிட்டர். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவார்கள். அண்ணன் பழைய துப்பாக்கி பார்க்கப் போவார். சுடுவதில் ஆசை கிடையாது. வாத்து ஒன்று எதிரே வந்து நின்றாலும் வணக்கம் சொல்லிவிட்டு வரக்கூடிய ஆள். அதன் பூட்டு எப்படித் திறக்கிறது, எந்தப் பட்டறையில் செய்தது, யார் தோளில் கிடந்தது, இதுதான் அவருக்கு வேண்டும். பித்தளைக் கட்டுப் போட்ட ஸ்நைடர் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அதற்கு அடுத்து வந்த மார்ட்டினி ஹென்றியும் வேண்டும் என்று மூன்று வருடமாக அலைந்தார். அடியிலுள்ள நெம்புகோலை இறக்கினால் வாயைத் திறந்து ஒரு குண்டை வாங்கிக்கொள்ளும் துப்பாக்கி அது.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் இங்கே துப்பாக்கி கிடைப்பது பெரிய காரியமே இல்லை. லைசென்ஸ் இருந்தால் இரும்புக்கடைக்காரரே சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்து விற்பார். வெட்டுப்படாத துப்பாக்கி கிடைப்பதுதான் கஷ்டம். நியூ சவுத் வேல்ஸில் முன்பு ராணுவக் குண்டு போடும் 303 ரகத்தைத் தனியார் வைத்திருக்கத் தடை இருந்ததாம். அதனால் குழலை மாற்றி, முன்கட்டையை அறுத்து, வேட்டைக்கு ஏற்றமாதிரி ஆக்கிவிட்டார்கள். அதைவிடப் பழசையும் விடவில்லை. வேலியோரம் முயல் சுட நீளம் எதற்கு என்று அறுத்தார்கள். முழுசாக ஒன்று இருக்கிறது என்று காதில் விழுந்தால் சேர்ப்பவர்கள் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார்கள்.

மெல்போர்னில் நோபல் பார்க்கைத் தாண்டி, பெர்ட் என்ற கிழவரிடம் அப்படி ஒன்று இருந்தது. பழைய காலனி அரசின் முத்திரையோடு, ஒரு திருகாணிகூட மாறாதது. கடுதாசி போட்டதற்கு, 'நீ வைத்திருப்பதை எடுத்து வா. எப்படி வைத்திருக்கிறாய் என்று பார்த்துத்தான் கொடுப்பேன்' என்று பதில். அண்ணன் ஸ்நைடரைக் கம்பளியில் சுற்றினார். அவர் மனைவி மங்கை அக்காவும் மெல்போர்னைப் பார்க்க வருகிறேன் என்றார். வண்டி என்னுடைய பழைய ஹோல்டன்.

விடியுமுன் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஹியூம் நெடுஞ்சாலையில் மொத்தம் ஏறக்குறைய எண்ணூற்று எண்பது கிலோமீட்டர். இப்போது ஒரே நாளில் போய்விடுகிறீர்கள். அப்போது அது பாதிக்குமேல் இரண்டே தடம், முன்னால் ஒரு ஆட்டு லாரி அகப்பட்டால் அதன் வாசனையோடுதான் அடுத்த ஊர்வரை. பெட்ரோலுக்குப் போக மட்டும் இருபது டாலருக்குக் கிட்ட ஆனது. அக்கா கட்டிவந்த இடியப்பமும் சம்பலும் கௌல்பர்ன் வரும்முன்பே தீர்ந்தன. கண்டகாய் என்ற ஊரில், மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்று வாங்கினேன். உள்ளே இருந்தது ஆடா மாடா என்று கண்டுபிடிப்பதற்குள் அது முடிந்துவிட்டது. சமையற்காரனான எனக்கே அந்தக் கதி.

அன்றிரவு ஆல்பரியில் மோட்டல், அறை பதினான்கு டாலர். அண்ணன் துப்பாக்கியைக் கம்பளிச் சுற்றோடே தோளில் போட்டுக்கொண்டு சாவி வாங்கினார். மோட்டல்காரர் "வாத்தா, கங்காருவா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் எல்லை தாண்டியதும் பழச் சோதனை. அதிகாரி டிக்கியைத் திறந்தார், துப்பாக்கியை மெல்ல நகர்த்தினார், அதன் கீழே இருந்த எங்கள் ஆரஞ்சுப் பழங்களைப் பறிமுதல் செய்தார், துப்பாக்கியைத் திரும்ப வைத்து, நல்வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். பழப்பூச்சி அவ்வளவு ஆபத்து.

மதியம் இரண்டு மணிக்குப் பெர்ட்டின் வீடு. தகரக் கூரை, முன்னால் குதிரை மேயும் புல்வெளி. கிழவருக்கு எண்பது இருக்கும். குசலம் எல்லாம் பிறகு, முதலில் காட்டு என்றார். அண்ணன் கம்பளியைப் பிரித்தார்.

நான் இதுவரை அந்த ஸ்நைடரை அப்படிப் பார்த்ததில்லை. பித்தளையெல்லாம் கோயில் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. கட்டை எண்ணெயில் பளபளத்தது. ஆகா என்று நான் வாயைத் திறக்கும்போது பெர்ட்டின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அண்ணன் முகம் அதைவிட மோசம்.

பழைய ஆயுதத்தில் ஏறியிருக்கும் கருநிறம்தான் அதன் சாட்சி. நூறு வருடக் கைபட்டு வந்தது, தேய்த்தால் போயே போச்சு. இதை அண்ணன் எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"யார் இதைச் சுரண்டியது?" என்றார் பெர்ட், ஆங்கிலத்தில்.

"நான்தான்," என்றார் அண்ணன்.

"அப்படியானால் உனக்கு என்னுடையது கிடையாது. டீ குடித்துவிட்டுப் போங்கள்."

மங்கை அக்காவுக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர நன்றாகவே புரியும். "ஏன் பொய் சொல்லுறியள்? நான்தானே மினுக்கினனான்!"

"நீர் சும்மா இரும் மங்கை."

"ஏன் சும்மா இருக்கிறது? வெளிக்கிட முதல் நாள் ராத்திரி நீங்கள் நித்திரையா இருக்கேக்கை கம்பளியை அவிழ்த்து, பழப்புளி போட்டு ரெண்டு மணித்தியாலம் தேய்ச்சனான். கட்டைக்குத் தேங்காயெண்ணெய். பொம்பிளை கேட்டுப் போற வீட்டுக்கு ஊத்தை வேட்டியோடையா போறது? இந்த மனுசன் மூண்டு வருசமா இதுக்காக உருகுது. அதுதான் வடிவாக் கொண்டுபோகட்டும் எண்டு செய்தனான். சொல்லுங்கோ அவருக்கு!"

அண்ணன் சொல்ல மறுத்தார். அதனால் எனக்குத் தெரிந்த கப்பல் ஆங்கிலத்தில் நானே சொன்னேன். பெண் கேட்கப் போவது என்பதை விளக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன். கையால் தாலி கட்டிக்கூடக் காட்டினேன். பெர்ட் ஸ்நைடரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "போன வாரம் ஒருவன் வந்தான். என் மார்ட்டினியில் விளக்குப் பொருத்தி மதுக்கடையில் நிறுத்தப் போகிறானாம். அதற்கு முந்தினவன் ரம்பத்தோடு வந்தான். நீங்கள் புளியோடு வந்திருக்கிறீர்கள்" என்றார். அவர் சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணனை விட்டுவிட்டு அக்காவை மட்டும் கைகாட்டி உள்ளே கூப்பிட்டார். துப்பாக்கி யார் பெயரில் இருந்தாலும், வீட்டில் துடைக்கும் துணி யார் கையிலோ அவரிடம்தான் பேசவேண்டும் என்பது அவர் கணக்கு. நாங்களும் பின்னால் போனோம்.

சுவரிலிருந்து மார்ட்டினியை இறக்கி அக்காவின் மடியில் வைத்தார். கட்டையின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் கறுத்து வழவழப்பாக இருந்தது. அதை விரலால் தொட்டார். பிறகு தலையைச் சாய்த்துத் தன் கன்னத்தைத் தொட்டார்.

அக்கா குனிந்து பார்த்தார். மெதுவாகத் தன் விரலையும் அங்கே வைத்தார்.

"கன்னம் வைச்ச இடம்," என்றார். "ஆரோ ஒரு பிள்ளை, பாவம், எத்தனை நாள் இதிலை முகத்தை வைச்சுக்கொண்டு கிடந்ததோ." சற்றுப் பொறுத்து, "இது ஊத்தை இல்லையப்பா" என்றார்.

அண்ணன் இதை மொழிபெயர்த்தார். பெர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக் குதிரையைப் பார்த்தார். திரும்பியபோது, "எண்பது டாலர்" என்றார். அண்ணனின் வாரச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. "ஒரு நிபந்தனை. இந்தம்மா இதன்மேல் எதையும் பூசக் கூடாது."

"ஓம், ஓம். பூசமாட்டன்," என்றார் அக்கா. "ஆனா ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பன்."

"கடவுளே," என்றார் அண்ணன்.

கிழவருக்குப் பொட்டு என்றால் என்ன என்று விளக்கினோம். குங்குமத்தில் என்ன இருக்கிறது? மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்பா, முடியாது! அப்படியானால் சந்தனம் மட்டும். எதில் குழைப்பீர்கள்? தண்ணீரில். இரும்பிலா தண்ணீர்? தோல்வாரிலே வைக்கட்டுமா? அந்தத் தோல்வாரும் அசல்! அக்காவும் விடவில்லை. "பூசை நாளிலை இதை மட்டும் மூளியா விடேலுமே?" வெங்காயம் பேரம் பேசுவதைப்போல அரைமணி நேரம் போயிற்று. கடைசியில் பெர்ட்டே எழுந்து, சுவரில் துப்பாக்கி தொங்கிய இரண்டு கொக்கிகளையும் திருகாணி கழற்றி எடுத்து வந்தார். "இவை என் தம்பி அடித்தவை, அசல் இல்லை. இவற்றில் எது வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள்."

பணத்தை அண்ணனிடம் வாங்கினார். துப்பாக்கியை அக்காவின் கையில் கொடுத்தார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. இப்போது சட்டம் முழுவதும் மாறிவிட்டது. பழம்பொருள் ஆயுதத்துக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு விதி. லைசென்ஸ், பதிவு, பூட்டிய பெட்டி எல்லாம் உண்டு. கிளம்புமுன் இரண்டு மாநிலப் போலீசாரிடமும் கேட்டுவிடுங்கள். தோளில் போட்டுக்கொண்டு மோட்டலுக்குள் போனால் இன்று உங்களை வரவேற்பது மோட்டல்காரராக இருக்காது. அறுபட்ட முன்கட்டை, புதிதாக மெருகேற்றிய கட்டை, மாற்றிய குழல், இந்த மூன்றையும் பார்த்துப் பேரம் பேசுங்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் இரண்டு மடங்காக.

வாங்கப் போகும்போது வீட்டுக்காரியையோ வீட்டுக்காரரையோ வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அண்ணன் தனியாகப் போயிருந்தால் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார். அந்த வருடம் ஆயுத பூசைக்குப் போனேன். இரண்டு கொக்கிகளிலும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. நடுவில் மார்ட்டினி, ஒரு பொட்டும் இல்லாமல். பக்கத்தில் நாற்காலி போட்டு, துணியோடு யாரும் கிட்டே வந்துவிடாதபடி அக்கா உட்கார்ந்திருந்தார்.