சுமதி மூழ்கடித்த கப்பல்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு டி.வி.யில் வரிசையாகக் கப்பல்கள் முழுகிக்கொண்டிருந்தன. நாற்காலியில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ். தரையில் அஞ்சலை. டி.வி. முன்னால் அவள் மகள் சுமதி.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அஞ்சலை, வைத்திக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள். மகள் சுமதிக்கு ஆறு வயது. பேச்சு கிடையாது, கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மெட்ராஸ் டாக்டர் ‘ஆட்டிசம்’ என்றாராம். அந்தப் பெயர் அஞ்சலையின் வாயில் நுழையவில்லை. ஊரார் சொன்ன ‘ஒண்ணும் புரியாத புள்ள’ மட்டும் நெஞ்சில் தைத்துவிட்டது.

பாரீஸிலிருந்து லீவில் வந்த என் மச்சான், டி.வி.யில் மாட்டுகிற சின்ன கம்ப்யூட்டர் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒருநாள் அம்மாவோடு வந்த சுமதி அதன் முன்னால் உட்கார்ந்தாள்… எழுந்திருக்கவே இல்லை. ஓரிடத்தில் நிற்காத குழந்தை அது! சரி, இவளுக்கு ஏற்ற புரோகிராம் ஒன்று தேடுவோம் என்று கிளம்பினேன்.

அது என்ன கத்திரிக்காயா, கடையில் பொறுக்கி எடுக்க? மெட்ராஸில் கிடைத்த புரோகிராம் கேசட்டுகளில் ஒன்று சும்மா துப்பாக்கியால் சுட்டுத் தள்ளியது. இன்னொன்று, பதில் சொல்லத் தாமதித்தால் ‘கீ…’ என்று அலறியது. சுமதி காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டாள். மற்றொன்று முழுக்க இங்கிலீஷ். இதையெல்லாம் எழுதுகிறவர்கள் குழந்தைகளைப் பார்த்ததே இல்லையா?

கடைசியில் மச்சானின் சிநேகிதர், பாரீஸில் வாத்தியார், தானே எழுதிய ஒன்றை அனுப்பினார். மேலே ஒரு படம், கீழே இரண்டு. மேலே இருப்பது கீழே எங்கே? இடது, வலது — ஏதாவது ஒரு பட்டன். அலறல் இல்லை, அவசரம் இல்லை. சரியென்றால் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். தப்பென்றால் ஒரு கப்பல், கலர் கலராகக் குமிழி விட்டு முழுகும்.

சனிக்கிழமை போட்டுப் பார்த்தோம். நாலைந்து நட்சத்திரம் வந்ததுமே நான் குதித்தேன். உடனே கரண்ட் போய்விட்டது. அந்தத் தைரியத்தில்தான், சுமதியைச் சேர்க்க மறுத்த ஹெட்மிஸ்ட்ரஸிடம் கெஞ்சி, மறுநாள் வீட்டுக்கு வரவழைத்தேன். மற்ற பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஏற்கெனவே கை விரித்தாயிற்று. இதுவும் போனால், அவ்வளவுதான்.

முதல் படத்துக்கு நட்சத்திரம். ஹெட்மிஸ்ட்ரஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்ததில் சுமதியின் விரல் தவறியது… கப்பல் முழுகியது. வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

அப்புறம் எல்லாமே தப்பு. பூனைக்கு நாய். குடைக்கு வாளி. கப்பல், கப்பல், கப்பல்!

“வாணாம்டி, ஒழுங்கா அமுக்குடி!” அஞ்சலை பதறினாள். “உங்கப்பாரு கடலுக்குப் போயிருக்காருடி… ஐயோ, பாக்க முடியல சார், நிறுத்துங்க!” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து டி.வி. அருகே போனேன்.

“இருங்க சார்,” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். “ஒண்ணாவது சரியா வருதான்னு பாக்குறேன். வரவே மாட்டேங்குதே.”

“கொஞ்சம் டைம் குடுங்க மேடம்…”

“அதில்ல சார். இருக்கறதே ரெண்டு. கண்ண மூடிட்டு அமுக்கினாக்கூட நடுவுல ஏதாவது சரியா வந்துடும். அத்தனையும் தப்பாப் போடணும்னா, எது சரின்னு தெரிஞ்சிருக்கணுமே! கப்பலுக்காகத்தான் தப்பா அமுக்குறா. சரியாப் போட்டா கப்பல் முழுகுற மாதிரி மாத்த முடியுமா?”

கம்ப்யூட்டரோடு மச்சான் விட்டுப்போன புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, புரோகிராமில் இரண்டு வரியை மாற்றி அடித்தேன். கடவுளே, கரண்ட் மட்டும் போய்விடக் கூடாது!

சுமதி மறுபடி தப்பை அழுத்தினாள். வெறும் நட்சத்திரம். முகம் சுருங்கியது. விரல் அப்படியே நின்றது… மெதுவாக மற்ற பட்டனுக்குப் போனாள்.

கப்பல்!

அதற்கப்புறம் ஒன்றுகூடத் தப்பவில்லை. அஞ்சலை முந்தானையை விலக்கி, அழுதுகொண்டே சிரித்தாள். “முழுவட்டும் சார்! நல்லா முழுவட்டும்!”

“நாளைக்குக் கூட்டிட்டு வாம்மா. ஒரு மாசம் பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் புறப்பட்டார்.

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டால் யார் திரும்பிப் பார்க்கிறோம்? தட்டைக் கவிழ்த்தால்தானே வீடே ஓடி வருகிறது!

எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். அஞ்சலை அதற்கும் மேலே போய்விட்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி நின்று கேட்டாள்:

“ஏன் சார், பள்ளிக்கூடத்துலயும் சரியாப் போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, தப்பாப் போட்டாதானே கத்துவாங்க? இத நீங்க மாத்திட்டீங்க… அவுங்கள யாரு சார் மாத்துறது?”