அழிக்காதே என்று சொன்ன வக்கீல்

என் வக்கீல் ரூத் மேடம் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. என் முகத்தை யாருடைய உடம்பிலோ ஒட்டிய அந்தப் படமும் போன வருடம் இதே குழுவில்தான் வந்தது. அன்றைக்கு வாயே திறக்காத அத்தனை பேரும் இன்றைக்குக் கைகூப்பும் எமோஜி போட்டார்கள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற, திருத்தணி கோர்ட்டில் அவரோடு பழகிய உங்களுக்கு அவர் கறாரான வக்கீல். நான் தையற்கடைக்காரி. அவரிடம் முதலில் போனபோது, அவமானம் தாங்காமல் படம், மிரட்டல் எல்லாவற்றையும் போனிலிருந்து துடைத்துவிட்டுத்தான் போனேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அழுதுகினு வா, பரவால்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டு வந்தா நான் எதக் காட்டி கேஸ் நடத்துறது?" என்று திட்டினார். பிறகு டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

'இந்தப் படம் இந்த நம்பரிலிருந்து என் போனுக்கு வந்தது' என்று, அதை அழிக்காமல் வைத்திருக்கும் யாராவது ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரே பார்த்திருந்தது, பார்த்தேன் என்று சொல்லத்தான் ஆளில்லை. மேடம் என்னை இழுத்துக்கொண்டு, என் அக்கா வீடு இருக்கும் பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினார். வழி முழுக்க முறுக்கு தின்றுகொண்டு வந்தார்.

என் அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாசலிலேயே பதறினார். "ஐயையோ, அந்தக் கருமத்த நான் ஏங்க பாக்கப்போறேன்?"

"பாத்தீங்கன்னு சண்டைக்கு வரலைங்க. பாத்தவங்க எல்லாம் நல்லவங்களாயிட்டா கேஸ் எப்படிங்க நிக்கும்?" என்றார் மேடம்.

உள்ளேயிருந்து அக்கா சிரித்துவிட்டாள். பாவா போனை எடுத்துவந்து நீட்டினார். கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் போட்டார்.

அந்தப் போனில் இருந்த நம்பரை வைத்துத்தான் ஆள் பிடிபட்டான். தெரிந்தவன்தான். அடுத்த வாரம் என் சாட்சி. மேடம் இல்லாமல் எப்படிப் போய் நிற்பேன் என்று தெரியவில்லை.

போன வாரம் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. "கூண்டுல ஏறினா தலையக் குனியாத. குனிய வேண்டியவன் எதிர்ல நிப்பான். காலையில சாப்ட்டுட்டு வா."

சாப்பிட்டுவிட்டு, அதை ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் கூண்டில் ஏறுவேன். மேடம், இந்தத் தடவை நான் எதையும் அழிக்கவில்லை.