ஈப்போ சேராத வாளிப் பால்

1920-களில் ஒரு தைப்பூசம். மலாயாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து நாங்கள் ஒன்பது பேர் ஈப்போ முருகன் கோயிலுக்கு நடந்தே புறப்பட்டோம். முதல் நாள் இரவு செம்மோரில் தங்கி, மறுநாள் அங்கேயே பால் வாங்கிச் சுமந்து போவதாக ஏற்பாடு. அந்த வருடம் என் மூன்று வயது மகள் குளிர்காய்ச்சலில் பிழைக்கமாட்டாள் என்று எல்லோரும் கைவிட்டபோது, பால் சுமந்து வருவதாக வேண்டியிருந்தேன். பிழைத்துவிட்டாள். வேண்டுதலில் குறை வைத்தால் காய்ச்சல் திரும்பி வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் நடுக்கம்.

கூட வந்த என் மனைவியைத் தவிர மற்றவர்கள் ஆளுக்கொரு பித்தளைச் செம்பு எடுத்தார்கள். எனக்கு அது போதவில்லை. ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டுகிற ஸ்டோரில்தான் எனக்கு வேலை. அங்கே மூலையில் கிடந்த மர வாளியைத் தூக்கிக்கொண்டேன். பொதுக் குழாயில் கழுவினால் தீட்டு என்று தண்ணீரே காட்டாமல், மஞ்சள் பூசி, விபூதிப் பட்டை போட்டு, வாயைத் துணியால் கட்டினேன். அவ்வளவு ஆச்சாரம்!

வழியெல்லாம் என் அதிகாரம்தான். யார் விரதம் இருந்தார்கள், யார் எதைத் தொட்டார்கள் என்று கங்காணி மாதிரி விசாரித்துக்கொண்டே நடந்தேன். புல்வெட்டுக் கும்பலில் வேலை செய்யும் அக்கா ஒருவர், கால் வீங்கிப்போய், செம்மோரில் சீனர் சாப்பாட்டுக் கடை பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டார். கறி வேகும் இடத்தில் உட்காரலாமா என்று அவரை இரண்டு தடவை குளிக்க வைத்தேன்.

மறுநாள் விடியலில் பால் வாங்கி நடந்தோம். நாலைந்து மைல் போனதும் வாளியைத் திறந்தேன். பால் கட்டி கட்டியாகத் திரிந்து கிடந்தது. மகள் முகம்தான் கண்ணில் நின்றது. யாரோ விரதத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று சாலையோரத்திலேயே விசாரணையைத் தொடங்கினேன். மரத்துக்குப் பின்னால் சுருட்டு பிடித்ததை என் மச்சான் ஒப்புக்கொண்டார். ஆனாலும் எனக்குச் சந்தேகம் அக்கா மேல்தான். எல்லாம் அந்த பெஞ்சால் வந்த வினை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். பாவம் தீர எட்டுப் பேரையும் பக்கத்து ஆற்றில் இறக்கினேன். ஈயச் சுரங்கத்து மண் கலந்த ஆறு அது. இறங்கும்போது சுத்தமாக இருந்தவர்கள், ஏறும்போது செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்களாக வந்தார்கள்.

அதற்குள் வாளிப் பால் இன்னும் இறுகியிருந்தது. உருளையில் விட்டுத் தகடு அடிக்கலாம். ஈரச் சேலையோடு அக்கா குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இது ஆசிட் வாளியாச்சே லா. ரப்பர் பால உறைய வைக்க இதுலதானே கலக்குவாங்க?"

பத்து வருடம் ஸ்டோரில் கிடந்த என் மூக்குக்கு அந்த வாடை வாடையாகவே தெரிந்ததில்லை. ஆசிட்டில் ஊறிய மரம். ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தாலாவது கொஞ்சம் ஆசிட் போயிருக்கும். மச்சான்தான் முதலில் சிரித்தார். பிறகு சேறு வடிய வடிய எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் அழுதாள். வழியில் இனிப் பால் கிடைக்காது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அக்கா தன் செம்பை என் மனைவி கையில் வைத்தார். படுத்த படுக்கையாகக் கிடந்த கணவருக்காக அவர் சுமந்து வந்த பால் அது.

"அழுவாதம்மா. இது ரெண்டு வீட்டுக்கும் சேத்துதான். சாமி கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

கோயிலில் பூசாரியிடம் அவர் கணவர் பெயரை முதலில் சொல்லச் சொல்லி, அதற்குப் பிறகே என் மகள் பெயரைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. திரும்பும் வழியில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன், அப்போதும் வரவில்லை.

மகளுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. அடுத்தவர் சுத்தத்தை விசாரிக்கும் உத்தியோகத்தை அன்றோடு விட்டுவிட்டேன். ஆனால் அந்த அக்காவிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு இன்றைக்கும் என் நெஞ்சை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.