பேருந்து நின்று பார்த்த கழகம்

போன கிழமை தபாற்காரர் ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தார். சாம்பல் நிற உறை, மேலே விளங்காத முத்திரைகள். இந்தோனேசியா என்ற ஒரு சொல்லை மட்டும் வாசிக்க முடிந்தது. குசினிக்குள் இருந்து கத்தியை எடுத்துவந்து ஓரத்தைக் கீறினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று காண முதலே மணம் வந்துவிட்டது. கராம்பு. பல்வலிக்காரரின் வாய் மணக்குமே, அந்த மணம். அங்கே சிகரெட்டுக்குள்ளும் கராம்பைத் தூளாக்கிப் போட்டுத்தான் சுற்றுவார்களாம். கடை, பேருந்து, மைதானம் எல்லாம் அந்தப் புகைதான் என்று அங்கே இருக்கிற என் சிநேகிதன் யோகு சொல்லியிருக்கிறான். உறைக்குள் செங்கல் நிறத்தில் ஒரு ஜேர்சி இருந்தது. நெஞ்சில் ஒரு கடலாமை. முதுகில் என் பெயரைத் தமிழில் அச்சடித்திருந்தான், அதுவும் பிழையில்லாமல்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஒரு சிநேகிதன் கடல் கடந்து பரிசு அனுப்பியிருக்கிறான், என் வயிற்றின் அளவையும் சரியாக நிதானித்து. ஆனால் உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. அந்த ஆமையின் கழுத்தைப் பிடித்துத் திருகினால் என்ன என்றிருந்தது. அடுத்தவனின் வீட்டைப் பார்த்து எரிகிறவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அடுத்த நாட்டு உதைபந்தாட்டக் கழகம் ஒன்றைப் பார்த்து எரிகிற ஆளைக் கண்டிருக்க மாட்டீர்கள். ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன்.

யோகு எங்கள் புங்குடுதீவுக் கழகத்தின் கோல் காப்பாளன். நான் அவனுக்கு முன்னால், இடப்பக்கம் நின்று எதிரியை மறிக்க வேண்டியவன். நான் மறித்தவர்களைவிட என்னைத் தாண்டிப் போனவர்கள் அதிகம். அதனால்தான் யோகு நல்ல கோல் காப்பாளன் ஆனான் என்று இப்போதும் சொல்வேன். வேலை இல்லாமல் சும்மா நின்றிருந்தால் அவன் எப்படிப் பழகியிருப்பான்? போட்டி தொடங்க முதல் ஒரு கராம்பை எடுத்துக் கன்னத்துக் கொடுப்புக்குள் வைத்துக்கொள்வான். தொண்டை வரளாதாம். காற்று எங்கள் பக்கம் அடித்தால் அவன் கத்துகிற சத்தமும் கராம்பு மணமும் சேர்ந்து வரும். உயரப் பந்து வந்தால் ஒரே கத்தல்தான். “விடு மச்சான், என்ர!” உடனே நான் தலையைக் குனிந்துவிடுவேன். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். கூட்டுறவுச் சங்கக் கடையில் பகல் முழுக்க அரிசியும் சீனியும் நிறுத்துவிட்டு வருகிற எனக்கு அதைவிட ஆறுதலான சத்தம் உலகத்தில் இருக்கவில்லை.

பிறகு நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். அவுஸ்திரேலியா போவதற்கென்று அவன் ஏறிய படகு இந்தோனேசியாவுக்கு அப்பால் போகவில்லை. முகாமில் இருந்தான். அகதி அட்டை கிடைத்தது, ஆனால் ஒரு நாடும் கூப்பிடவில்லை. காத்திருந்த துறைமுகப் பட்டினத்திலேயே ஒரு பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டான். அகதிக்கு அங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் மைதானத்து வாசலில் இருக்கிற ரொட்டிக் கடை மனைவியின் பெயரில் ஓடுகிறது. மாவை வீசி அடிப்பது இவன். பந்து பிடித்த கை ரொட்டி வீசத் தோதாகத்தான் இருக்கும். கடைக்குப் பின்னால் இருக்கிற மைதானம் ஆமைக் கழகத்தினுடையது.

கிழமைக்கு ஒருமுறை வட்சப்பில் எடுப்பான். “மச்சான், நேற்று எங்கட ஆக்கள் குடுத்த அடியைப் பாத்தியோ?” என்று ஒருநாள் கேட்டான். வேலணையோடு எங்கள் பள்ளிக்கூடப் பெடியன்கள் விளையாடியது இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் வியந்துபோனேன். அவன் சொன்னது ஆமைகளை. எங்கட ஆக்களாம்! அன்றைக்குத் தொடங்கிய எரிச்சல். இடைக்கிடை காணொளியும் வரும். மைதானம் நிறையச் செங்கல் நிறம், மேளம், சிறிசு பெரிசு எல்லாம் ஒரே குரலில் பாட்டு. பாட்டு விளங்காவிட்டாலும் பார்த்துக்கொண்டே இருப்பேன், கடுப்போடுதான். அவர்களுடைய அணியில் என் இடத்தில் ஒருவன் விளையாடுகிறான். “உன்ர பக்கத்தில நிக்கிறவன் மச்சான், ஒருத்தனையும் தாண்ட விடமாட்டான்” என்று யோகு வேறு புகழ்ந்தான். முகம் தெரியாத அந்தப் பையனுக்குக் கால் பிரளட்டும் என்று நான் நினைத்தது உண்மை. ஆமைகள் தோற்ற நாட்களில் எனக்குச் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கியது.

இன்னொரு காரணமும் இருந்தது. வருகிற ஆவணியில் எங்கள் கழகத்தின் பெயரில் ஒரு சுற்றுப்போட்டி வைக்கலாம் என்று ஊருக்குத் திரும்பிவந்து மிஞ்சியிருக்கிற நாலு பேர் யோசித்திருக்கிறோம். கடவுச்சீட்டு இல்லாத யோகுவால் வரமுடியாது. ஆகவே அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். எங்கட கழகம் என்று தொடங்கி இரண்டு நிமிடம் பேசிக் குரலை அனுப்பு, மைதானத்து ஒலிபெருக்கியில் போடுகிறேன் என்றேன். “ஓம் மச்சான், அனுப்புறன்” என்றான். மாதங்கள் போய்விட்டன. குரல் வரவில்லை. ஆமைதான் வந்தது.

அந்தக் கழகத்தின் சரித்திரம் எனக்கு இப்போது என் வீட்டு விலாசம் மாதிரித் தெரியும். நான் தேடிப் படித்ததல்ல, அவன் காதுக்குள் ஊற்றியது. ஒல்லாந்தர் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் தொடங்கியதாம். ஒல்லாந்தரின் மைதானத்துக்குள் உள்ளூர்க்காரர் கால் வைக்கக்கூடாது. இவர்கள் கொப்பறா காயப்போடுகிற வெளியில் வெறுங்காலோடு விளையாடினார்கள். சுதந்திரம் வந்ததும் நகரசபை அதே மைதானத்தை எடுத்து இவர்களிடம் கொடுத்ததாம். எனக்கு வயிறு எரிந்தது. ஒல்லாந்தர் எங்களையும்தானே ஆண்டார்கள்? நெடுந்தீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் வந்து போனவர்கள்தானே? எங்களுக்கு ஒரு கோட்டையையும் கக்கூஸ் என்ற சொல்லையும் விட்டுப் போனவர்கள், ஒரு மைதானத்தையும் விட்டுப் போயிருந்தால் குறைந்தா போவார்கள்? யோகுவிடம் முறைப்பட்டேன். “கக்கூசு இஞ்சையும் இருக்கு மச்சான், அதே பேர்தான்” என்று சிரித்தான். அதிலும் எங்களுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

எங்கள் கழகத்தின் தொடக்கத்தில் அப்படி வீரம் ஒன்றும் கிடையாது. தெற்கே ஒரு பட்டினத்தில் புடைவைக்கடை வைத்திருந்த எங்கள் ஊர் முதலாளி ஒருவர், திருவிழாவுக்கு வரும்போது விலைப்படாமல் கிடந்த ஒரு துணிச்சுருளைப் பெடியன்களுக்கென்று கொண்டுவந்தார். கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்தில் சேலை கட்ட ஆளில்லாவிட்டால் பெடியன்கள் போடட்டும் என்று நினைத்திருக்கிறார். ஒரு அணிக்குக் காணும் என்று தைத்து முடித்துவிட்டுப் பார்த்தால், சட்டை இருக்கிறது, கழகம் இல்லை. சட்டையை வீணாக்கக்கூடாது என்றுதான் கழகம் தொடங்கினோம். வியர்த்தால் சாயம் போகும். போட்டி முடிந்து கிணற்றடியில் குளித்தால் கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர் ஓடி வாழைக்குப் போகும். நாங்கள் பந்தோடு ஓடினால் வேலணைக்காரர் “கத்தரிக்காய்க் கறி வருது, கறி வருது” என்று வெளியில் நின்று கூவுவார்கள். காரைநகர்க்காரரின் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜேர்சியைப் பார்த்து அப்போது நான் விட்ட பெருமூச்சு இப்போதும் நினைவிருக்கிறது. பொறாமை எனக்குப் புதிதல்ல, ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

ஆனால் எங்களிடம் ஒன்று இருந்தது. ஆமைகளிடம் அது இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற பேருந்து எங்கள் மைதானத்து ஓரத்தால்தான் போகும். பின்னேரம் போட்டி நடந்தால் சாரதி பேருந்தை ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்திவிடுவார். உள்ளே இருக்கிறவர்கள் யன்னலால் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். பலர் குறிகாட்டுவானில் லோஞ்சுப் படகு பிடித்து நயினாதீவுக்குப் போகவேண்டியவர்கள். அங்கே படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பார்.

“அண்ணை, லோஞ்சை விட்டா நான் எங்க போய்ப் படுக்கிறது?”

“லோஞ்சு எங்க போகும் ரீச்சர்? இந்தக் கோணர் கிக்கை அடிச்சு முடிக்கட்டும்” என்பார் சாரதி.

லோஞ்சும் போகாது, அதுதான் விசேஷம். பேருந்து பிந்தினால் புங்குடுதீவில் போட்டி என்று லோஞ்சுக்காரருக்குத் தெரியும். கயிற்றை அவிழ்க்காமல் காத்திருப்பார். பேருந்தால் இறங்குகிற முதல் ஆளிடம் “ஆர் வெண்டது?” என்று கேட்டுவிட்டுத்தான் இயந்திரத்தை இயக்குவார். எங்கள் வெற்றியும் தோல்வியும் அப்படித்தான் கடல் தாண்டி நயினாதீவுக்குப் போயின. காரைநகரோடு நடந்த போட்டி ஒன்றில் யோகு தண்ட உதை ஒன்றைப் பாய்ந்து பிடித்தான். சாரதி பேருந்துக் கோணில் வைத்த கையை எடுக்காமல் அலறவிட்டார். மிதிபலகையில் நின்று துள்ளிக் கைதட்டியது யார் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த ரீச்சர். ஒரு தெருவும் ஒரு கடலும் எங்களுக்காகக் காத்திருந்தன என்று சொன்னால் இன்றைக்கு யார் நம்புவார்கள்?

யுத்தத்தால் சனம் தீவை விட்டு வெளிக்கிட்ட வருடம் கழகமும் போனது. யாரும் கூட்டம் வைத்துக் கலைக்கவில்லை, ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். பிறகு போனவர்கள் போன இடங்களில் அதே பெயரில் தொடங்கினார்கள். பாரிஸில் ஒன்று, ரொறொன்ரோவில் ஒன்று, லண்டனில் ஒன்று. மூன்றும் தாய்க்கழகம் தாங்களே என்கின்றன. பாரிஸ்காரர் ஊர் மைதானத்துக்குப் பார்வையாளர் கொட்டகை கட்டினார்கள். ரொறொன்ரோக்காரர் சும்மா இருப்பார்களா, விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். லண்டன்காரர் குளியலறையோடு உடை மாற்றும் அறை கட்டித் தங்கள் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். ஜேர்சி மூன்று இடத்தில் இருந்தும் வந்தது. மூன்றும் மூன்று நிறம், ஒன்றுகூடக் கத்தரிப்பூ இல்லை. போடத்தான் பெடியன்கள் இல்லை. இருக்கிறவர்களில் பாதிப்பேர் பின்னேரம் ரியூசனுக்கு யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். கொட்டகை நிழலில் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். சட்டையை முதலில் தைத்துவிட்டு ஆட்களைப் பிறகு தேடுவது எங்கள் ஊரின் பழைய பழக்கம். இந்தமுறை ஆட்கள் கிடைக்கவில்லை.

ஜேர்சி வந்த அன்று பின்னேரம் நானே யோகுவுக்கு எடுத்தேன். நன்றி சொல்லத்தான் எடுத்தேன். வாயில் வந்தது வேறு.

“குரல் எங்கை? ஆமைக்குத் தொண்டை கிழியக் கத்துறாய், எங்கட கழகத்துக்கு ரெண்டு நிமிசம் கதைக்க ஏலாதோ உனக்கு?”

அந்தப் பக்கம் கல்லில் ரொட்டியைப் புரட்டிப்போடுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டான். “இஞ்ச கிளப்பை வித்தவங்கள் எண்டு உனக்குச் சொன்னனானோ?”

சொல்லவில்லை. வென்ற கதைகளைத்தான் சொல்லியிருந்தான். நகரசபைப் பணத்தைத் தொழில்முறைக் கழகங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று அங்கே ஒருமுறை சட்டம் வந்ததாம். ஆமைகள் பிரிவு பிரிவாகக் கீழே இறங்கினார்கள். கடைசியில் கழகத்தின் உரிமத்தையே வேறொரு தீவில் இருந்த முதலாளிக்கு விற்றுவிட்டார்கள். கழகம் ஒரே நாளில் ஊர் மாறிப்போனது. சொந்த மைதானத்தில் நடக்க இருந்த அடுத்த போட்டி இல்லை, வாசலில் பூட்டு. ஆனால் சனம் வந்தது. செங்கல் நிறத்தைப் போட்டுக்கொண்டு, மேளத்தோடு வந்து, போட்டி தொடங்கவேண்டிய நேரத்துக்குத் தொடங்கி முடியவேண்டிய நேரம்வரை பூட்டிய வாசலுக்கு வெளியே நின்று பாடியதாம். இடைவேளைக்கு இவன் கடையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய் நின்று பாடியதாம். அந்தச் சனம்தான் பிறகு அதே ஆமையை வைத்துப் புதிதாக ஒரு கழகத்தைப் பதிந்து, அடியில் இருந்து ஏறி வந்தது.

“நானும் அடுப்பை நூத்துப்போட்டு அவங்களோட போய் நிண்டனான். நிண்டு அழுதனான் மச்சான். தங்கட கிளப்புக்குத்தான் அழுறன் எண்டு அவங்கள் நினைச்சாங்கள்.” பிறகு என்னிடமே கேட்டான். “எங்கட கிளப் போன நாள் ஆர் நிண்டது? நீ நிண்டனியோ, நான் நிண்டனானோ? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினனாங்கள். இப்ப நான் கதைச்சு அனுப்பினா ஆர் நிண்டு கேக்கப்போயினம்?”

“நான் நிப்பன்” என்றேன்.

“நீ பந்து வந்தா தலையைக் குனியிறவன்” என்று சிரித்தான். “வைக்கிறன் மச்சான், சனம் வருகுது.”

இவ்வளவு நாளும் அவனுடைய கழகத்தின்மேல்தான் எனக்குப் பொறாமை. இப்போது அதுகூட இல்லை. அழுவதற்குக்கூட அவனுக்கு ஒரு கூட்டம் கிடைத்திருக்கிறது, அதுதான் தாங்கமுடியவில்லை. நான் எங்கள் கழகத்துக்காக ஒருநாளும் அழவில்லை. அதைவிடப் பெரிய காரணங்கள் அப்போது வரிசையில் நின்றன. அவை முடிந்தபோது அழ வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் செங்கல் நிற ஜேர்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஆமை வயிற்றுக்கு மேல் ஏறிக் குந்திக்கொண்டு வந்தது. நடக்க நடக்கக் கராம்பு மணத்தது. ஆடுகள் கொட்டகையில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டன. முன்பு பேருந்து நிற்கிற இடத்தில், தெருவோரம், மைதானத்தைப் பார்த்தபடி நின்றேன்.

பேருந்து வந்தது. வேகம் குறைந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து நின்றேவிட்டது. நடத்துநர் பையன் மிதிபலகையில் இருந்து எட்டிப் பார்த்தான்.

“ஐயா, ஏறுறியளோ? கடைசி லோஞ்சுக்கு நேரமாகுது.”

“இல்லைத் தம்பி.”

“அப்ப என்னத்துக்கு நிக்கிறியள்?”

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பேருந்தின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டான். யன்னலோரம் இருந்தவர்கள் என் ஜேர்சியைப் பார்த்தார்கள், மைதானத்தைப் பார்க்கவில்லை. பேருந்து குறிகாட்டுவான் பக்கம் போய் மறைந்தது. அங்கே யார் வென்றது என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. நடக்காத போட்டி முடியவேண்டிய நேரம்வரை நிற்பது என்றுதான் வந்திருந்தேன். நின்றேன்.