வலி நின்ற கல்

இப்போது நான் சொல்லப்போகும் கதையை நீங்கள் யாரும் நம்பப் போவதில்லை. நம்பும்படி எதையும் சொல்லி எனக்கும் பழக்கமில்லை.

எங்கள் கம்பெனி பஸ்ஸின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் செய்தி வந்தது: சபாபதி போய்விட்டான். கீழே கும்பிடும் கைகள் வரிசைகட்டி நின்றன. ஒரு புண்ணியவான் மட்டும், "இன்னிக்கு வண்டி லேட்டா வருமா?" என்று கேட்டிருந்தான். தான் குடியிருந்த ராஜகீழ்ப்பாக்கத்தையே கல்லடைப்பிலிருந்து காப்பாற்ற அவதரித்தவனுக்கு உலகம் பாடிய முதல் இரங்கற்பா அது.

அவனோடு பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். தாம்பரத்தில் ஏறினால், படப்பை தாண்டி ஆலை வாசலில்தான் எங்கள் பஸ் நிற்கும். நடுவில் எவனுக்கு முட்டினாலும் நிற்காது. அதனால் எங்களுக்கென்று ஒரு விரதம் உண்டு: ஏறுவதற்கு முன் யாரும் தண்ணீர் தொடுவதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் விவரம் தெரியாமல் பாட்டிலைத் திறந்தபோது சபாபதிதான் தடுத்தாட்கொண்டான். "குடி மச்சான், நல்லா குடி. படப்பை டிராபிக்ல மாட்டிகினு நெளிவ பாரு, அப்ப தெரியும்." பாட்டில் மூடப்பட்டது. ஆலைக்குள்ளும் அதே கதைதான். உலைப் பக்கம் வேலை. மெஷினை விட்டு நகர ஆள் மாற்ற வேண்டும், அதற்கு ஒருவரிடம் பல்லிளிக்க வேண்டும். சபாபதி பல்லிளிக்காத மனிதன். அவன் அடக்கி வைத்ததைப் பார்த்துச் செம்பரம்பாக்கம் மதகுகளே வெட்கப்பட்டதாகக் கேள்வி.

பல்லாவரம் பக்கத்துக் குவாரிகளை மூடிய பிறகு அந்தக் கல்லெல்லாம் எங்கே போனது என்று அரசாங்கம் தேடிக்கொண்டிருந்தது. அது சபாபதியின் இரண்டு சிறுநீரகங்களுக்குள்ளும் குடியேறியிருந்தது. முதல் வலி வந்த அன்று அவன் போட்ட கூச்சலில், எதிரி வந்துவிட்டான் என்று தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இரண்டு விமானங்களைக் கிளப்பிவிட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் நான்தான் அழைத்துப் போனேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். சிறுநீர் வெளிர் நிறத்தில் போகிற அளவுக்கு நாள் முழுக்கப் பரவலாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குப் பயந்து பாலையும் தயிரையும் நிறுத்தக் கூடாது. கல் விழுந்தால் பிடித்து வைத்துக் கொண்டுவர வேண்டும். அது எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்தது வராமல் தடுக்க முடியும். முக்கியமாக, வலி நின்றாலும் மறுபடி ஸ்கேனுக்கு வர வேண்டும்.

வெளியே வந்ததும் சபாபதி தக்காளியை நிறுத்தினான். அந்த அம்மா வாயில் தக்காளி என்ற சொல்லே வரவில்லை. பாலை நிறுத்தினான். ஊறுகாய் ஜாடியை மட்டும் தொடவில்லை, அதாவது தினமும் தொட்டான். பழியை வீட்டு போர்வெல் தண்ணீர் மேல் போட்டுக் கேன் தண்ணீர் வாங்கினான். வாங்கியதோடு சரி, கேன் அப்படியே நின்றது.

பிறகு யாரோ சொல்லி வாழைத்தண்டுச் சாறு. ஒரு நாள் வலி நின்றது. அவ்வளவுதான், ஊருக்கு ஒரு தீர்க்கதரிசி கிடைத்துவிட்டார். ஞாயிறுதோறும் வாசலில் சாறு விநியோகம். சுற்றுவட்டாரத்து வாழைகள் அவன் பெயரைக் கேட்டாலே குலை தள்ளாமல் நடுங்கின. "கத்தி வெக்காம, காசு குடுக்காம, கல்ல கரச்சவன் நானு" என்பது அவன் வேதவாக்கு. எங்கள் பஸ்ஸே பயபக்தியோடு கேட்டுக்கொண்டது. அந்தப் பக்தியை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அவன் மனைவி சுசீலா மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் என்னிடம் முறையிட்டாள்: "ஒரே ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துரலாம்னு சொல்றேன்ணா. கரஞ்ச கல்ல இன்னாத்துக்குடி படம் புடிக்கணும்னு கேக்கறாரு."

கால் வீங்கி, சோறு குமட்டிய பிறகுதான் படம் பிடித்தார்கள். கல் கரையவில்லை. ஒரு பக்கம் குழாயை அடைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அசையாததால் வலி இல்லை. அந்தச் சிறுநீரகம் சத்தமே போடாமல் செத்திருந்தது. மறுபக்கமும் சாகும் தறுவாயில். "வலி நின்னா கல்லு போச்சுன்னு அர்த்தம் இல்ல சார்," என்றார் டாக்டரம்மா. "அதுக்குத்தான் அன்னிக்கே வரச் சொன்னேன்." அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு டயாலிசிஸ். கடைசியில் காய்ச்சல் வந்து கொண்டுபோனது.

துக்கம் கேட்க வந்த ஒரு பெரிய மனிதர், "எல்லாம் இந்தப் போர் தண்ணிதான்" என்று தீர்ப்புச் சொன்னார். இன்னொருவர் சுசீலாவிடம் மெல்லக் குனிந்து, அந்தச் சாற்றுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்டு போட வேண்டும் என்று விசாரித்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். விட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அவன் நினைவாக என்னிடம் படமில்லை, மாலையில்லை. ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கிறது. பஸ்ஸில் எல்லோரும் பார்க்கக் குடிக்கிறேன். படப்பையில் எழுந்து நின்று வண்டியை நிறுத்தச் சொல்கிறேன். திட்டுகிறார்கள். இறங்கிப் போய்விட்டு வருகிறேன். எனக்குப் பின்னால் இப்போது சிலர், திட்டிக்கொண்டே இறங்குகிறார்கள்.

டயாலிசிஸ் நாட்களில், குடித்ததை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாததால், அவனுக்கு அன்றாடத் தண்ணீரே அளவுதான். நான் கடைசியாகப் போனபோது, சுசீலா அளந்து வைத்ததைக் காலையிலேயே குடித்து முடித்திருந்தான். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தான். "மச்சான், ஒரு சொம்பு தண்ணி குடுரா. அண்ணாந்து குடிக்கணும் போல கீது. அவ கைல சொல்லாத." நான் கொடுக்கவில்லை. உதட்டை நனைத்துக்கொள் என்று ஈரத்துணியை நீட்டினேன். அதை வாங்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இதுவரை அளந்ததில் முக்கால்வாசி என் கைச்சரக்கு, தாராளமாகத் தள்ளிவிடுங்கள். அவன் தண்ணீர் கேட்டது மட்டும் உண்மை.