கோட்டின் கழுத்தில் ஒரு கறை

சலவைக்கூடத்தில் துணி பிரிக்கும் மேசைக்காரருக்குக் கழுகு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பதிவேட்டில் தூங்குகிறது. துவைக்க வரும் துணியின் கழுத்துப் பட்டைக்குள் அழியாத மையில் வாடிக்கையாளரின் குறியை எழுத வேண்டும். துவைத்து வந்தபின் அந்தக் குறியைப் படித்து உரியவரின் அடுக்கில் போட வேண்டும். ஓர் எழுத்து, பின்னால் மூன்று எண், அவ்வளவுதான் ஒரு குறி. பாதி வெளுத்த குறியையும் நாலடி தள்ளி நின்றே படித்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுஷனுக்கு அது பட்டம் மாதிரி.

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பட்டத்தில் ஓடிற்று. இப்போது வயது ஐம்பத்தொன்று. சட்டைப்பையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் மட்டும் வெளியே வரும். இந்த மாதத்தில் மட்டும் இரண்டு துணி ஆள் மாறிப் போயிருந்தது. முதலாளியம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"இன்னும் ஒண்ணு மாறினா மேசைய விட்டு எழுந்துடுங்க. கொதிகலன் பக்கம் ஆள் வேணும். அங்க எதையும் படிக்க வேண்டியதில்ல" என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம் மேசைக்கு ஒரு வெள்ளைக் கோட் வந்தது. கழுத்தில் முதலில் ம, அடுத்து 4. அதற்கப்புறம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மைக்கறை. அதைத் தாண்டி 7. கடைசியில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்புப் புள்ளி ஒன்று. கழுகு வாடிக்கையாளர் பதிவேட்டைப் புரட்டினார். ம 4 1 7 என்று ஹோட்டல் சமையல்காரர் ஒருவர் இருந்தார். கறைக்கு அடியில் 1 மாட்டிக்கொண்டிருக்கிறது, புள்ளி வெறும் புள்ளி என்று முடிவுகட்டிக் கோட்டை ஹோட்டல் மூட்டையில் வைத்துவிட்டார். அங்கிருந்து துணி எண்ணிக்கை இல்லாமல்தான் வரும். ஒன்று கூடினாலும் கேட்க ஆளில்லை.

ஆனால் பல் டாக்டரம்மா காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். அவருடைய கோட் திரும்பி வரவில்லையாம். நாலு மணிக்கு நேரில் வருகிறாராம். அவருடைய குறி ம 4 7 2. கோட்டெல்லாம் ஒரே கடைத் தையல், ஒரே அளவு. ஹோட்டல் வண்டி மூன்றரைக்கு வந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் சகலை துவைக்கப் போட்டிருந்த பேண்ட்டை வாங்க வந்தான். மனைவியின் தங்கை புருஷன். ஆபீசில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவன். போன வாரம் பதிவேடு முழுவதையும் முதலாளியம்மாவின் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்ததும் அவனே. கோட்டை மூட்டையிலிருந்து எடுத்துப் பார்த்தான். புள்ளி மறைத்த தெரியாத ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி, எத்தனை எழுத்து என்றே தெரியாத கறைக்கு நட்சத்திரம் என்று கம்ப்யூட்டரில் தட்டினான்.

"பல் டாக்டர்னு வருது அண்ணே."

"உன் பெட்டிக்குக் கண்ணு தெரியல. இவ்வளவு பெரிய கறைக்கு அடியில ஏதோ இருக்கு. டாக்டரம்மா குறியில நாலுக்கும் ஏழுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல."

"நட்சத்திரம்னா ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம் அண்ணே."

"ஒண்ணுமே இல்லேன்னா அதுக்கு எதுக்குடா நட்சத்திரம்?"

சகலை பொட்டலம் கட்டும் தாளைக் கிழித்துக் கட்டம் போட்டான். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக, கோட்டின் கழுத்தில் தெரிந்தது: ம, 4, நட்சத்திரம், 7, கேள்விக்குறி. தலைப்பில் டாக்டரம்மாவின் ம 4 7 2. இரண்டுக்கும் முன்னால் ஒரு வெற்றுக் கட்டம். அதில் சரி என்று டிக் அடித்தான்.

"இங்க ஒண்ணுமே எழுதலியே, எது சரி?"

"ஒண்ணுமில்லாததும் ஒண்ணுமில்லாததும் பொருந்திடுச்சு."

கழுகுக்கு அங்கேயே தலை சுற்றியது.

"நீங்க மனசுக்குள்ள ஒவ்வொரு தடவையும் ம-விலேர்ந்து ஆரம்பிக்கிறீங்க, பாதியில தொலைஞ்சு போறீங்க" என்றான் சகலை. "இதுல அந்தத் தொல்லை இல்ல. ஒவ்வொரு கட்டமும் கேக்கறது ஒண்ணுதான்: கோட்டுக் கழுத்துல இதுவரைக்கும் தெரியற குறி, பதிவேட்டுல இதுவரைக்கும் இருக்கற குறியோட பொருந்துதா? பதிலுக்குப் பக்கத்துக் கட்டத்த எட்டிப் பாத்தா போதும். எழுத்துன்னா ரெண்டும் ஒண்ணா இருக்கணும், மேல இடது மூலையில சரி இருக்கணும். கேள்விக்குறின்னா மூலைய மட்டும் பாருங்க. நட்சத்திரம்னா நேர் மேல பாருங்க, இல்ல இடது பக்கம். ரெண்டுல ஒண்ணு சரின்னா சரி, இல்லேன்னா தப்பு."

"மேல எதுக்கு? இடது எதுக்கு?"

"மேலன்னா கறைக்கு அடியில ஒண்ணுமில்ல. இடதுன்னா கறை இன்னும் ஒரு எழுத்த முழுங்குது. கடைசி மூலையில சரி வந்தா கோட் அவங்களோடது."

ஆபீசிலிருந்து போன் வந்தது. பேண்ட்டை மறந்துவிட்டு ஓடிப்போனான்.

கழுகு பென்சிலை நக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ம-வும் 4-ம் நல்லபடியாகப் போயின. நட்சத்திர வரிசையில் கை நின்றது. மேலே பார்க்க மனசு வரவில்லை. கறைக்கு அடியில் ஒன்றுமில்லை என்று எப்படி ஒப்புக்கொள்வது? மூலையையும் இடதையும் பார்த்தே நிரப்பினார். கடைசி மூலையில் தப்பு வந்தது. "பாத்தியா!" என்று தாளுக்கே சவால் விட்டுவிட்டு, சமையல்காரருக்கும் அதேபோல் ஒரு கட்டம் போட்டார். அங்கேயும் கடைசி மூலையில் தப்பு. கேள்விக்குறிக்கு அவர் குறியில் எழுத்து மிச்சமில்லை.

பக்கத்து மேசை இஸ்திரிக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரோடதும் இல்ல, சமையல்காரரோடதும் இல்லையா? அப்ப கோட் தானா நடந்து வந்து தண்ணித் தொட்டியில குதிச்சுதா அண்ணே?"

"நீ பொட்டி வச்சு சுட்ட புள்ளிதாம்மா இது. வாய மூடு."

மணி மூன்று இருபது. கழுகு சுற்றிலும் பார்த்தார். இஸ்திரிக்காரம்மா நகர்வதாக இல்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளியம்மாவும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போகட்டும் என்று பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் குழப்பமாக இருந்தது.

கோட்டைக் கண்ணருகே கொண்டுவந்தார். பழுப்புப் புள்ளியின் ஓரத்தில் மையில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் புள்ளிக்கு அடியில் ஏதோ ஓர் எழுத்து இருந்திருக்கிறது. சமையல்காரர் ஆட்டத்தில் இல்லை. அடுத்து கறை. அது வெறும் கறை இல்லை. வளையம் வளையமாக ரேகை. நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

இடது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். என்றோ தகரம் கிழித்த தழும்பு, அதே சாய்வில்.

தடித்த பட்டையில் எழுதும்போது துணி நழுவாமல் இடது விரலால் அழுத்திப் பிடிப்பது அவர் பழக்கம். 4 எழுதியிருக்கிறார், விரல் நடுவில், விரலுக்கு அந்தப் பக்கம் 7. விரல் இருந்த இடத்தில் எவனால் எழுத முடியும்?

நட்சத்திர வரிசைக்குப் போய் 4-க்கு நேர் கீழே இருந்த தப்பை அழித்துச் சரி போட்டார். அதை மூலையில் வைத்துக்கொண்டு 7 சரியானது. 7-ஐ வைத்துக் கேள்விக்குறி சரியானது. கடைசி மூலை. சரி.

வண்டி வந்தது. முதலாளியம்மா வெளியே வந்தார்.

"அந்தக் கோட் ஹோட்டல் மூட்டையிலயா?"

"இல்லம்மா. டாக்டரம்மாவுக்கு."

"உறுதியா?"

"கட்டம் அப்படித்தான் சொல்லுது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. ஆனா டாக்டரம்மாவோடதுதான்."

நாலு மணிக்கு வந்த டாக்டரம்மா கோட்டின் உள்பையைத்தான் முதலில் தடவினார். பேனா ஒழுகுகிறதென்று நீல நூலால் அவரே தைத்து மூடிய பை. தையல் இருந்தது.

"என்னுதுதான். கழுத்துல என்ன இது?"

"என் கட்டைவிரலுங்க."

"ஊரார் வாயில விரல் விடறது என் வேலை. நீங்க என் கழுத்துலயே விடறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

முதலாளியம்மா மேசையைக் காட்டினார். "உக்காருங்க. கண்ணாடியக் கழட்டாதீங்க."

சாயங்காலம் சகலை போன் செய்தான். "என்னண்ணே, புரிஞ்சுதா?"

"கோட் போயிடுச்சு."

"அதக் கேக்கல. மேல ஏன் பாக்கணும்னு புரிஞ்சுதா?"

கழுகு தாளைப் பார்த்தார். இந்தக் கோட்டுக்குப் புரிந்தது, விரல் சாட்சி. ஆனால் விரல் இல்லாத கறை நாளைக்கு வரும். அதோடு அந்த முதல் கட்டம், ஒன்றுமில்லாததுக்குப் போட்ட சரி, இன்னும் அவரையே முறைத்துக்கொண்டிருந்தது.

"உன் பேண்ட் என்கிட்ட இருக்குல்ல? நாளைக்கு வந்து இன்னொரு தடவ சொல்லிட்டு வாங்கிட்டுப் போ."