நான் சீவித் தள்ளிய மெழுகும் சின்ன நீலச் செல்களும்

நோயாளியின் உணவுக்குழாயிலிருந்து பரிசோதனைக்குக் கிள்ளி எடுக்கும் சதை குருணை அளவுதான் இருக்கும். அதை மெழுகுக் கட்டியில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் இயந்திரத்தில் தலைமுடியைவிட மெல்லிய ஏடுகளாக வெட்டி, ஸ்லைடில் ஏற்றுவது என் வேலை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடம். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். சுங்கை பினாங்கிலுள்ள எங்கள் வீட்டில் என் டிப்ளோமா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. என் ஏடுகளில் சுருக்கமே விழாது என்ற கர்வமும் எனக்கு உண்டு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பட்டர்வொர்த்காரர் ஒருவரின் துண்டு வந்தது. வயது அறுபத்தொன்று, கஞ்சிகூட இறங்கவில்லை என்று படிவத்தில் இருந்தது. முதல் ஸ்லைடைப் பார்த்த நோயியல் நிபுணர் டாக்டர் மாலினி என்னைக் கூப்பிட்டார்.

"கவிதா, இங்க வந்து பாரு."

உணவுக்குழாய்த் துண்டுகளில் வழக்கமாக அகன்ற செல்களைப் பார்த்திருக்கிறேன். இவை சின்னதாக, கருநீலமாக, ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு கிடந்தன.

"லிம்போசைட்டா டாக்டர், ரத்த வெள்ளையணுவா?"

"அப்படித்தான் ஏமாத்தும். ஸ்மால் செல் கேன்சரா இருக்கலாம். நுரையீரல்ல பாக்கலாம், இங்க ரொம்ப அபூர்வம். எந்த ரகம்னு தெரிய அஞ்சு ஸ்லைடுல அஞ்சு ஸ்டெயின், தனித்தனிச் சாயம், போடணும்."

"எந்த ரகமா இருந்தாலும் கேன்சர்தானே டாக்டர், வைத்தியம் ஒண்ணுதானே?"

"இல்லலா. சர்ஜன் ஆப்பரேஷனுக்கு நாள் குறிச்சிட்டாரு. இது ஸ்மால் செல்னா முதல்ல கீமோதான்."

மெழுகுக் கட்டியை மறுபடி இயந்திரத்தில் மாட்டினேன். கோணம் சற்றே மாறியிருந்ததால் ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டது. கட்டியின் முழு முகமும் அழகாக வரட்டும் என்று சக்கரத்தைச் சுற்றிச் சீவிக்கொண்டே இருந்தேன். முகம் வந்தபோது சதை முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டு ஏடுகள் கிடைத்தன. மூன்றாவதில் வெறும் மெழுகு.

"ரெண்டுதான் வந்துச்சு டாக்டர். மீதிய நானே சீவித் தள்ளிட்டேன்."

"என்னா இது? ஸ்லைட அழகுப் போட்டிக்கா அனுப்புறோம்? அந்த மனுஷன் தொண்டையில மறுபடி குழாய் விடச் சொல்லவா?"

டாக்டரே சற்று யோசித்தார். "சரி, ஒண்ணுல சினாப்டோபைசின் ஸ்டெயின், ஸ்மால் செல்னா பழுப்பாகும். இன்னொண்ணுல லிம்போசைட் ஸ்டெயின், அது இல்லைன்னு உறுதி பண்ண."

மறுநாள் முதல் ஸ்லைடில் அந்தச் செல்கள் பழுப்பாக மாறியிருந்தன. இரண்டாவதில் அவை நிறம் பிடிக்கவே இல்லை. லிம்போசைட் இல்லை, ஸ்மால் செல்தான். ஆப்பரேஷன் நின்றது, கீமோ தொடங்கியது.

"பிழைச்சுக்குவாரா டாக்டர்?"

"வேகமா பரவுற ரகம் இது. கீமோவுக்கு நல்லாச் சுருங்கும். பெரும்பாலும் திரும்பியும் வரும். ஆனா நான் சொல்றது ரகத்தைப் பத்தி. இந்த ஆளப் பத்தி ஸ்லைடு சொல்லாது."

சில மாதங்கள் கழித்து அந்தப் பட்டர்வொர்த்காரரின் துண்டு மறுபடி வந்தது. படிவத்தில் 'சோறு சாப்பிடுகிறார்' என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். இம்முறை முகம் அழகாக வரக் காத்திருக்கவில்லை. சதை தெரிந்த முதல் ஏட்டிலிருந்தே வரிசையாக எட்டு ஸ்லைடுகள் எடுத்து, ஒன்றுக்கு மட்டும் சாயம் ஏற்றினேன்.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "இந்தத் துண்டுல இல்ல."

"அப்ப போயிருச்சா?"

"இந்தத் துண்டுல இல்ல, கவிதா. அவ்வளவுதான் எழுத முடியும்."

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சின்னத் துண்டென்றால் முதல் தடவையிலேயே கூடுதல் ஸ்லைடு எடுத்து வையுங்கள். அழகு பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பட்டர்வொர்த்காரரின் மீதி ஏழு ஸ்லைடுகளும் சாயம் ஏற்றாமல் என் பெட்டியில் இருக்கின்றன. நோய் திரும்பிய சந்தேகம் வந்தால்தான் அவை தேவைப்படும்; இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே இருக்கட்டும்.